வீட்டு ஊடக வழங்கியின் வேகக் குறைவு

வீட்டு ஊடக வழங்கி என்பது கணினியில் சேமிக்கப்பட்ட நிகழ்படம், இசை முதலிய கோப்புகளை வீட்டு வலையமைப்பின் ஊடாகத் தொலைக்காட்சி போன்ற கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள் ஆகும். பிளெக்சு, 2018 இல் எம்பியிலிருந்து கிளைத்த கட்டற்ற மென்பொருளான ஜெலிஃபின் ஆகியன எடுத்துக்காட்டுகள். நிகழ்படம் தடைப்பட்டு ஓடுவது இவற்றின் பொதுவான சிக்கலாகும்.

காரணங்கள்

* குறிமாற்றம்: கோப்பின் குறிமுறையைத் தொலைக்காட்சி அறியாவிடில், வழங்கி அதனை உடனுக்குடன் வேறு குறிமுறைக்கு மாற்றுகிறது. இது செயலிக்குப் பெருஞ்சுமையாகும். 2013 இல் சீர்தரமாக்கப்பட்ட எச்.265 குறிமுறையைப் பழைய தொலைக்காட்சிகள் பல அறியா. பட வடிவிலான துணையுரைகளும் குறிமாற்றத்தைத் தூண்டக்கூடும்.
* வலையமைப்பு: 4கே புளூ-ரே வட்டிலிருந்து எடுத்த கோப்பின் தரவு வீதம் சில இடங்களில் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டக்கூடும். 100 மெகாபிட்டு ஈதர்நெட் இணைப்பு இதற்குப் போதாது.
* வன்தட்டு: 100 மெகாபிட்டு என்பது 12.5 மெகாபைட்டு மட்டுமே. இன்றைய வன்தட்டுகள் இதைவிடப் பன்மடங்கு வேகமாகப் படிப்பதால், பழுதற்ற வன்தட்டு அரிதாகவே காரணமாகிறது.

கண்டறிதல்

நிகழ்படம் ஓடும்போது செயலியின் பயன்பாட்டைக் கவனிக்க வேண்டும். அது 100 விழுக்காட்டை நெருங்கினால் குறிமாற்றமே காரணம் எனலாம். செயலி ஓய்வாக இருந்தும் படம் தடைப்பட்டால் வலையமைப்பை ஐயுறலாம். கம்பியில்லா இணைப்புக்கு மாற்றாகக் கம்பி இணைப்பைப் பயன்படுத்தி இதனை உறுதிசெய்யலாம்.

தீர்வுகள்

கோப்பை மாற்றமின்றி இயக்கவல்ல கருவியைப் பயன்படுத்துதல், உரை வடிவத் துணையுரைகளைத் தெரிவுசெய்தல், கோப்புகளை முன்கூட்டியே ஏற்ற குறிமுறைக்கு மாற்றி வைத்தல் ஆகியன செயலியின் சுமையைக் குறைக்கும். இன்டெல் 2011 இல் அறிமுகப்படுத்திய குவிக் சிங்க் போன்ற வன்பொருள் வசதியும் குறிமாற்றத்தை விரைவாக்கும். காரணத்தை அறியாமல் புதிய வன்தட்டு வாங்குவதால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை.