ஆட்டக்களமும் குடியுரிமையும்: மலையகம் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

1999ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் இலங்கையும் இங்கிலாந்தும் மோதிய ஒருநாட் போட்டியில், முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகின்றார் எனக் கொண்டு நடுவர் றொஸ் எமேர்சன் அதனை முறைகேடானதென அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க உடனே நடுவருடன் வாதிட்டுத் தம் வீரர்களை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றார். ஆட்டம் சிறிது நேரம் நின்றது. பின்னர் தொடர்ந்த அப்போட்டியில் இலங்கை ஒரு விக்கெற்றினால் வென்றமை வேறு கதை. ஈண்டு நாம் கருதவேண்டியது, நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்துகொண்டிருந்த ஒரு காலத்தில், சிங்கள பௌத்தரான தலைவர் ஒருவர் மலைநாட்டுத் தமிழர் ஒருவரின் மானத்தைத் தம் நாட்டின் மானமெனக் கொண்டு நின்ற அக்காட்சியையே ஆகும். தென்னிலங்கையில் அன்று எழுந்த சினம் உண்மையானது. அதனைப் போலியென ஒதுக்குதல் நேர்மையாகாது.

ஆயினும் வரலாற்று மாணவனுக்கு அக்காட்சி ஒரு வினாவை எழுப்புகின்றது. விளையாட்டு நிகழ்வொன்று நாட்டு மக்களின் மனப்பாங்கில் ஏற்பட்ட மாற்றத்தை உள்ளவாறு காட்டுமா? அன்றி, மாற்றம் நிகழ்ந்துவிட்டது என்ற மயக்கத்தை மட்டும் தருமா?

இவ்வினாவிற்கு அயர்லாந்து நல்லதோர் ஒப்பீட்டை வழங்குகின்றது. டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் 1920 நவம்பர் 21ஆம் திகதி காற்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த மக்கள்மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் பதினால்வர் உயிரிழந்தனர். அம்மைதானம் கேலிக் விளையாட்டுச் சங்கத்துக்கு உரியது. ஆங்கிலேயரின் ஆட்டங்களாகக் கருதப்பட்ட றக்பிக்கும் காற்பந்துக்கும் அங்கு நெடுங்காலம் இடமில்லை. சங்கம் 2005இல் வாக்கெடுத்து அத்தடையைத் தளர்த்தியது. 2007 பெப்ரவரி 24இல் அங்கே அயர்லாந்து அணியும் இங்கிலாந்து அணியும் றக்பி ஆடியபோது இங்கிலாந்தின் அரச கீதம் இசைக்கப்பட்டது. கூடியிருந்தோர் அமைதி காத்தனர். பின்னர் ஆட்டத்தில் 43க்கு 13 என இங்கிலாந்தைத் தோற்கடித்தனர். அயர்லாந்தின் மனம் மாறியதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குதல் வேண்டும். 1998இல் பெல்பாஸ்ற் உடன்படிக்கை, 2005இல் சங்கத்தின் வாக்கு, 2007இல் அக்கீதம். உடன்பாடும் தீர்மானமும் முன்சென்றன, காட்சி பின்வந்தது. எனவேதான் அக்காட்சி நம்பத்தக்கதாயிற்று என்பது என் கருத்து.

இனி மலையகத்துக்கு வருவோம். தேயிலை நாட்டில் கிரிக்கெற் துரைமாருடைய ஆட்டமாகவே தோன்றியது. டிம்புள்ளைப் பகுதியின் றதல்லையிலும் டிக்கோயாப் பகுதியின் டரவளையிலும் தோட்டத் துரைமாரின் கழகங்கள் அமைந்தன. நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலும் கோல்ப் மைதானமும் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிக் கிடந்த அதே மலைச்சரிவில், சமதரையாகக் கிடைத்த அரிய நிலம் ஆட்டத்துக்கென ஒதுக்கப்பட்டமை குடியேற்றப் பொருளாதாரத்தின் இயல்பைத் தெளிவாக உணர்த்துவதாகும். அத்திடல்களைச் சமன்செய்த கைகள் எவை என்று கேட்பாரில்லை.

அக்கைகளுக்கு உரியோர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தனர். இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று. 1974இல் அவ்வெஞ்சியோரும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்கட் கூட்டமொன்றைத் தானியம் அளப்பதுபோல் அளந்த அவ்வொப்பந்தங்களுக்கு அம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை.

முரளிதரன் பிறந்தது இவ்விரு ஒப்பந்தங்களுக்கும் இடையில், 1972 ஏப்ரல் 17இல், கண்டியில். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தந்தையார் பிஸ்கற் உற்பத்தித் தொழில் நடத்தியவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் பயின்றார். எனவே அவர் லயத்துப் பிள்ளையல்லர். 1977ஆம் ஆண்டு வன்செயலில் தம் குடும்பமும் தாக்குதலுக்கு உள்ளானதைப் பின்னாளில் அவரே பகிரங்கமாகக் கூறியுள்ளார். தோட்டத்தைவிட்டு வெளியேறித் தொழில் கண்ட குடும்பங்களும் வன்செயலுக்குத் தப்பவில்லை என்பதை இது காட்டுகின்றது. எனினும் அட்டனிலோ பொகவந்தலாவையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் மகனுக்குத் தோற்பந்தும் மட்டையும் பயிற்சியாளரும் அன்று எட்டாக்கனியாகவே இருந்தன என்பதை மறந்து அவரை ‘மலையகத்தின் மைந்தன்’ என்று மேடைகளில் முழங்குவோர், வர்க்கம் என்ற ஒன்றை எளிதிற் கடந்துவிடுகின்றனர்.

1995 டிசம்பர் 26இல் மெல்பேண் மைதானத்தில் நடுவர் டறல் ஹெயர் அவரது பந்துவீச்சை ஏழு முறை முறைகேடென அறிவித்தார். மூன்று மாதங்கள் கழிந்து, 1996 மார்ச் 17இல், லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. அவ்விறுதியாட்டத்தில் முரளிதரன் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களையே கொடுத்து ஒரு விக்கெற்றை வீழ்த்தினார். அன்றிரவு தோட்டப்புறங்களிலும் வெடி கொளுத்தி மகிழ்ந்ததாக எம் பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றேன். அவ்வாறு மகிழ்ந்தோருள் எந்நாட்டின் குடியுரிமையும் இல்லாதோர் பலர் இருந்தனர். ‘நம் நாடு வென்றது’ என்று கூறுவதற்குச் சட்டப்படி நாடு இல்லாதவர்கள் அவர்கள். அடிலெயிட் நிகழ்ச்சியின்போதும் நிலை அதுவே. 2002 ஜனவரியில் முரளிதரன் தமது 400ஆவது டெஸ்ற் விக்கெற்றைக் கைப்பற்றினார்; இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003 ஒக்டோபரிலேயே நிறைவேறியது. அப்பொழுதும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாடற்றோராக எஞ்சியிருந்தனர்.

இவ்வரிசை அயர்லாந்தின் வரிசைக்கு நேர்மாறானது. இங்கே கைதட்டல் முன்னே வந்தது. உரிமை பின்னே வந்தது. கைதட்டலின் விளைவாகவும் அவ்வுரிமை வரவில்லை. 1986 ஜனவரியில் தொழிலாளர் வேலைக்குச் செல்லாது பிரார்த்தனை இயக்கம் நடத்தினர். அதன் அழுத்தத்தினாலேயே அவ்வாண்டிலும் 1988இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. தொழிற்சங்க பலமும் பாராளுமன்றத்தில் ஆட்சி அமைப்போருக்கு வேண்டியிருந்த மலையக வாக்குகளும் செய்த வேலை அது. முரளிதரனின் சுழற்பந்துக்கு அதிற் பங்கில்லை.

அடிலெயிட்டுக்கு மறு ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபதிற்கு மேற்பட்டோரை ஒரு கும்பல் கொன்றது. அதனை எதிர்த்துத் தலவாக்கலை முதலிய மலையக நகரங்களில் கொந்தளிப்பு மூண்டது. முரளிக்காகச் சினந்தெழுந்த ஒரு நாட்டில் இது எவ்வாறு நேர்ந்தது? இவ்விரண்டும் முரணல்ல என்றே எனக்குத் தோன்றுகின்றது. தனியொருவரைத் தம்மவரென ஏற்பது எளிது. அவ்வேற்புக்கு எவரும் எதனையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சமூகத்தை ஏற்பதாயின் நிலத்தையும் வாக்கையும் மொழியையும் பகிர்தல் வேண்டும்.

மொழி பற்றி ஒன்று. குரோக் பார்க்கில் பகைவராயிருந்தோரின் கீதம் ஒலித்தது. இங்கோ, சொந்த நாட்டின் கீதத்தைத் தமிழிற் பாடுவதே பெரும் பிணக்காயிற்று. 2016 பெப்ரவரி 4இல் சுதந்திர தின விழாவில் அது தமிழிலும் பாடப்பட்டது, 2020இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்னரே, 2010 யூலை 22இல், காலியில் முரளிதரன் தமது இறுதி டெஸ்ற் போட்டியின் இறுதி விக்கெற்றாக 800ஆவதைப் பெற்றபோது மைதானமே எழுந்து ஆர்ப்பரித்திருந்தது.

மறுபுறம், வீரர் ஒருவரை அவர்தம் மக்களின் குரலாகக் கொள்வதும் பிழையே. 2019 சனாதிபதித் தேர்தலில் முரளிதரன் கோட்டாபய ராஜபக்சவை வெளிப்படையாக ஆதரித்தார். நுவரெலியா மாவட்டத்திலோ சஜித் பிரேமதாச வென்றார். தோட்ட மக்கள் ஆட்டத்தை ஆட்டமாகவும் வாக்கை வாக்காகவும் பிரித்தறிந்தனர். நம் பத்திரிகையாளர் பலர் இப்பகுத்தறிவை அவர்களிடமிருந்து கற்றல் நன்று.

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி உரையாற்றினார். அன்று அம்மைதானத்தை நிறைத்தோர் தோட்டத் தொழிலாளரே. மலையகத்தின் பெருமைக்கு முரளிதரனின் பெயரையும் அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் பத்தாயிரம் வீடுகள் கட்டித்தரப்படும் என அறிவித்தார். கூட்டம் கலைந்து அவர்கள் திரும்பியது லயங்களுக்கே. நாட்கூலி ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் வெளிவர, அதன்பின் மேலும் நான்காண்டுகள் சென்றன.