ஈயமும் மான்முடியும்: நீர்நிலைக்கேற்பப் பக்டெயில் இரையைக் கையாளும் முறை

1. பொருளும் எல்லையும்

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் நின்று அலைக்குள் தூண்டில் வீசுவோர் பெரிதும் தேடுவது ஸ்ட்ரைப்டு பாஸ் மீனை. வசந்தத்தில் செசபீக் விரிகுடாவிலும் ஹட்சன் ஆற்றிலும் முட்டையிட்டபின் இம்மீன்களில் பல வடக்கே போகும்; இலையுதிர் காலத்தில் கரையோரமாகத் தெற்கே திரும்பும். இம்மீனுக்கு வீசப்படும் போலி இரைகளுள் பக்டெயில் ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நீர் மாறும்போது அதில் எதை, எந்த வரிசையில் மாற்றுவது என்பதே கேள்வி.

2. உறுப்புகள்

ஈயத் தலை, முனை மேல்நோக்கிய ஒற்றை முள், முள்ளைச் சுற்றிக் கட்டிய வெண்வால் மானின் வால்முடி ஆகிய மூன்றும் இதன் உறுப்புகள். முள்ளில் பன்றித்தோல் வாலோ ரப்பர் வாலோ கோப்பதும் உண்டு. உதடு வைத்த மர இரை இழுத்தாலே நெளியும். பக்டெயில் தானாக நெளியாது. ஈயம் அதைக் கீழே இழுக்கும், முடி நீரைப் பிடித்துத் தாமதிக்கச் செய்யும். 28 கிராம் தலை ஒன்றில் முடி அடர்ந்திருந்தால் மெல்ல இறங்கும், குறைந்திருந்தால் விரைந்து இறங்கும். இந்த இறங்கு வேகத்தை நீரோடு பொருத்துவதே கலை.

3. நீர்நிலைகள்

3.1 நுரை அலை

லாங் தீவின் கிழக்கு முனை மான்டாக். அங்கே 1796-இல் கட்டி முடித்த கலங்கரை விளக்கத்தின் அடிவாரம் முழுதும் பாறை. அலை உடைந்து வெளுக்கும் இடத்தில் சிறுமீன்கள் தடுமாறும். பாஸ் அங்கேதான் வேட்டையாடும். எதிர்க்காற்றைக் கிழிக்கக் கனம் வேண்டும். கனம் கூடினால் ஆழமில்லாத நீரில் பாறை விழுங்கிவிடும். 28 முதல் 42 கிராம் வரையிலான தலை, அடர்ந்த முடி, பெரிய வால் என்ற சேர்க்கை இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். அலை கரைக்கு வரும்போது இரையும் கூடவே வரும், தூண்டில் நரம்பு தொய்யும்; விரைந்து சுற்ற வேண்டும். அலை பின்வாங்கும்போது கையை நிறுத்தினாலே போதும், எதிர்த்தோடும் நீரே இரையை நீந்தவைக்கும்.

3.2 ஓட்டநீர்

மாசசூசெட்ஸின் கேப் காட் கால்வாய் 1914-இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அதன் இரு வாயிலும் கடலேற்றம் ஒரே நேரத்தில் வருவதில்லை, ஒரே அளவிலும் உயர்வதில்லை. அந்த வேறுபாட்டால் நீர் ஆறுபோல் பாய்ந்து, சுமார் ஆறு மணிக்கொருமுறை திசை மாறுகிறது. இங்கே 85 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். முடி குறைவாக இருக்க வேண்டும். நரம்பு மெல்லிய பின்னல் நரம்பாக இருந்தால் ஓட்டம் அதை வளைத்து இழுக்காது. ஓட்டத்தின் மேற்பக்கம் வீசி, இறங்கவிட்டு, நரம்பைத் தொய்யவிடாமல் பின்தொடர வேண்டும். இரை அவ்வப்போது அடியைத் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் கனம் போதாது. ஓயாமல் தட்டினால் அதிகம். வீச்சு முடிந்து இரை மேலெழும் கணத்தில் மீன் அடிப்பது அதிகம்.

3.3 அமைதியான தெளிநீர்

பகலில் இது கடினமான நிலை. மீன் நின்று பார்த்துவிடும். 14 முதல் 21 கிராம், சிறிய வால், மெல்லிய முன்நரம்பு, நிதானமான இழுப்பு. இருட்டியபின் இதே நீர் எளிதாகும்.

3.4 கலங்கலும் பாசியும்

கலங்கலில் மீனுக்குக் கண்ணைவிட, நீரசைவை உணரும் பக்கக்கோடு உதவும். பருத்த முடியும் அகன்ற வாலும் நீரை அதிகம் தள்ளுவதால் இரையின் இருப்பு தெரியும். பாசி மிதக்கும் நாளில் ஒற்றை முள், மும்முள் இரைகளைவிடக் குறைவாகச் சிக்கும். பாசி திரண்டுவிட்டால் எந்த இரையும் உதவாது. இடத்தை மாற்றுவதே வழி.

4. முடிவு

புதியவர் மீன் கடிக்காவிட்டால் முதலில் நிறத்தை மாற்றுவார். மேற்கண்ட நான்கு நிலைகளும் காட்டும் வரிசை வேறு: முதலில் கனம், அடுத்து முடியும் வாலும், பிறகு இழுக்கும் வேகம், கடைசியில் நிறம். மீன் இருக்கும் ஆழத்தை எட்டாத இரை எந்த நிறத்தில் இருந்தாலும் பயனில்லை.