ஆட்டக் களஞ்சியங்களும் காரைதீவுத் துறவியும்

காரைதீவு என்றதும் தமிழறிந்தோர் நினைவுக்கு வருவது சுவாமி விபுலானந்தரும் அவருடைய யாழ்நூலுமே. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதையும் நிந்தவூரையும் அயலாகக் கொண்டு கடலோரமாக அமைந்த ஊர் அது. இருபுறமும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள். நடுவே கண்ணகி அம்மன் கோயிலும் வயலும் கடலும். 1892 இல் அங்கு பிறந்த மயில்வாகனன்தான் பின்னாளில் விபுலானந்தரானார். யாழ்நூலைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நான் இங்கு எழுத விரும்புவது அவர் செய்த வேறொரு பணியைப் பற்றி.

1936 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்க மாநாடு ஒன்றைக் கூட்டியது. அதற்குத் தலைமை தாங்கியவர் விபுலானந்தர். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டுமாயின் அதற்கான சொற்கள் வேண்டும். அவை வடமொழிச் சார்பாக அமைவதா, தமிழ் வேரிலிருந்து பிறப்பதா என்ற விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மேசையின் தலைமாட்டில் அமர அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றவர். துறைதோறும் அறிஞர்கள் கூடிச் சொற்களை ஆராய்ந்தனர். 1938 இல் 'கலைச்சொற்கள்' நூல் வெளியாயிற்று.

இந்தப் பழங்கதையை எனக்கு நினைவூட்டியவர்கள், வியப்பாக இருக்கும், வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள். அவர்கள் ஆடுவதோடு நிற்பதில்லை. தாம் ஆடும் ஆட்டத்துக்கென்று ஒரு கலைக்களஞ்சியத்தைக் கூட்டாக எழுதுகிறார்கள். விக்கி என்பது அதன் பெயர். மைன்கிராப்ட் ஆட்டத்தில் வரும் ஒரு கல்லுக்கும் ஒரு கோடரிக்கும் தனித்தனிக் கட்டுரைகள் உண்டு. எழுதுவோர் ஒருவரையொருவர் கண்டதில்லை, ஊதியமும் இல்லை. ஆயினும் கட்டுரைகள் யாவும் ஒரே கை எழுதியவைபோல இருக்கின்றன. பத்திரிகை ஆசிரியபீடத்தில் ஆண்டுக்கணக்கில் காலம் கழித்த எனக்கு அதுதான் பொறாமையூட்டியது. நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில், எண்பதுகளில், அமெரிக்க ஜனாதிபதி முதற்பக்கத்தில் ரேகனாகவும் ஐந்தாம் பக்கத்தில் றீகனாகவும் ஒரே நாளில் தோன்றியதுண்டு. இத்தனைக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்திருந்தோம்!

அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? ஒரு வாளைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். முதல் வாக்கியத்தில் வாளின் பெயர் தடித்த எழுத்தில் வரும். அது இன்னது என்ற வரையறை அதே வாக்கியத்தில் முடிந்துவிடும். வலப்பக்கத்தில் ஒரு பெட்டி: படம், அது விளைவிக்கும் சேதம், விலை, ஆட்டத்தின் எந்தப் பதிப்பில் சேர்க்கப்பட்டது என்ற விபரம். இந்தப் பெட்டியை எவரும் புதிதாகக் கட்டுவதில்லை. 'வார்ப்புரு' என்று ஓர் அச்சு முன்பே இருக்கும். எழுதுபவர் இடைவெளிகளை நிரப்பினால் போதும். அதன் பின் வாளைப் பெறும் வழி, பயன்படுத்தும் வழி என்று தலைப்புகள் வரிசையாக வரும். போதிய விபரமில்லாத கட்டுரையின் தலையில் அது குறுங்கட்டுரை என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலான ஆட்ட விக்கிகள் வாசகரை 'நீங்கள்' என்று விளிப்பதை விரும்புவதில்லை. வெளிவராத பதிப்பைப் பற்றிய வதந்திக்கும் அங்கு இடமில்லை. நமது செய்தியாசிரியர்கள் சிலர் இந்த இறுதி விதியை மட்டுமாவது படித்தால் நல்லது.

கட்டுரையின் கடைசிப் பகுதியே எனக்கு மிகவும் பிடித்தது. 'வரலாறு' என்ற தலைப்பில் ஓர் அட்டவணை இருக்கும். எந்தப் பதிப்பில் வாளின் கூர்மை கூட்டப்பட்டது, எப்போது குறைக்கப்பட்டது என்று வரிவரியாக. ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனம் அதை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பதால் கட்டுரை என்றும் முடிவதில்லை. அச்சுக் களஞ்சியத்துக்கு இந்த வசதி கிடையாது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளை 1902 இல் வெளியிட்ட அபிதானகோசமும், சிங்காரவேலு முதலியாரின் 1910 ஆம் ஆண்டு அபிதான சிந்தாமணியும் தனிமனிதர் உழைப்பு. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் பலர் கூடிச் செய்தது. அதன் முதல் தொகுதி 1954 இல் வந்தது, பத்தாவது 1968 இல். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் மனிதன் விண்வெளிக்கே போய்விட்டான்.

விக்கியின் தொடக்கம் 1995. வோர்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர், எவரும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களை உருவாக்கி, ஹவாய் மொழியில் 'விரைவு' எனப் பொருள்படும் சொல்லை அதற்குச் சூட்டினார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்க அவர் வகுத்த வழி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் இரு சொற்களை இடைவெளியின்றி ஒட்டி எழுதுவது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அந்த விதியே நிலைத்திருந்தால் தமிழில் ஒரு விக்கியும் எழுந்திராது. விக்கிப்பீடியா தொடங்கிய 2001 ஆம் ஆண்டில் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எந்தச் சொல்லையும் இணைப்பாக்கும் வழி வந்தது. கதவு திறந்தது அப்போதுதான். வடிவம் பற்றிய விதி வெறும் அலங்காரம் என்று எண்ணுவோருக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் உயிர்பெற்றது. அதைத் தொடக்கத்தில் ஏறக்குறையத் தனியாளாக வளர்த்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, வளைகுடா நாட்டில் கட்டடக்கலைஞராகப் பணியாற்றிய இ. மயூரநாதன். வேறு நாடுகளிலிருந்தும் பலர் வந்து சேர்ந்ததும் 1936 ஆம் ஆண்டு மேசை மீண்டும் போடப்பட்டது. பொது விவாதத்துக்கான பக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஆலமரத்தடி. எவ்வளவு அழகான பெயர்! நாம் இலங்கையில் இரசாயனவியல் என்று படித்தோம், தமிழகத்தார் வேதியியல் என்று படித்தனர். நமக்கு ஒட்சிசன், அவர்களுக்கு ஆக்சிஜன். கிரந்த எழுத்தைத் தலைப்பில் இடலாமா கூடாதா என்ற வழக்கு வேறு. விபுலானந்தர் காலத்துக் குழுவுக்கு ஒரு சொல்லைத் தெரிந்து மற்றதைக் கைவிடுவதே பெரும்பாலும் வழி. விக்கிக்கு 'வழிமாற்று' என்றொரு கருவி வாய்த்தது. எந்தச் சொல்லைத் தட்டினாலும் கட்டுரை ஒன்றையே சென்றடையலாம். சண்டை ஓயவில்லை, ஆனால் தோற்றவருடைய சொல்லும் வாசலில் நின்று வழிகாட்டுகிறது.

வீடியோ கேமுக்கு அங்கே வழங்கும் சொல் 'நிகழ்பட ஆட்டம்'. காதுக்குப் பழக நாளெடுக்கும் என்றாலும் குறை சொல்லமாட்டேன். எனது கவலை வேறு. கல்முனையிலும் ரொறன்ரோவிலும் நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஆட்டத்தைப் பற்றித் தமிழில் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். எழுதுவதென்று வரும்போது ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். சொல் இல்லாததால் எழுதவில்லையா, எழுதாததால் சொல் இல்லையா?

இன்னொன்றையும் இந்தப் பிள்ளைகளிடம் கற்கலாம். எழுதியது எவருக்குச் சொந்தம் என்ற கேள்வி அது. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராப்ட் ஆட்டம் வெளியான 2004 இல் அதன் ஆர்வலர்கள் வாவ்விக்கி என்ற களஞ்சியத்தைத் தொடங்கினர். 2007 இல் அது விக்கியா என்ற வணிக நிறுவனத்தின் தளத்துக்குச் சென்றது. பக்கத்தின் தோற்றத்தை அந்நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றியபோது, 2010 இல், எழுதியோரில் பெரும்பாலோர் கட்டுரைகளைப் பிரதி எடுத்துக்கொண்டு வெளியேறி வாவ்பீடியாவை அமைத்தனர். திறந்த உரிமம் அதற்கு இடமளித்தது. ஆனால் அதே உரிமத்தின்படி பழைய பிரதியும் பழைய இடத்திலேயே இருந்தது. விக்கியா 2016 இல் ஃபேண்டம் ஆயிற்று. 2018 இல் அது வாவ்பீடியா குடியிருந்த தளத்தையே விலைக்கு வாங்கியது! ஓடிப்போனவர்கள் பழைய வீட்டுக்காரரிடமே மீண்டும் வாடகைக்கு இருக்க நேர்ந்த கதை. 2023 இல் மறுபடியும் வெளியேறினர். அதே ஆண்டில் மைன்கிராப்ட் விக்கியும் ஃபேண்டத்தை விட்டு விலகியது. எழுதியவர்கள் போய்விட்டாலும் தேடுபொறி பழைய வீட்டையே நெடுநாள் காட்டிக்கொண்டிருக்கும். கூலியின்றி எழுதியவருக்கு இது கசப்பான அனுபவம். நமது மொழியில் எதையேனும் கூட்டாக எழுதத் தொடங்குவோர், சொற்சண்டைக்கு முன்பே, எந்த வீட்டில் எழுதுகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்போருக்குக் கீழைக்கரையிலேயே ஓர் ஆட்டம் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி. மழை வேண்டியும் நோய் நீங்கவும் ஆடியது. ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி, தென்சேரி. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இருதரப்பும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) போன்ற நூல்கள் இதைப் பதிந்திருக்கின்றன.

ஆட்ட விக்கியின் அச்சு இதற்குத் தைத்ததுபோலப் பொருந்தும். பெட்டியில் அணிகள், கருவி, ஆடும் காலம், வெற்றி நிபந்தனை. உடலில் கொம்புக்கு எந்த மரம், எப்படிக் கட்டுவது, நடுவர் யார், இடையில் பாடப்படும் வசைக்கவிகள் எவை. பதிப்பு வரலாற்றுக்குப் பதிலாக, ஊருக்கு ஊர் மாறும் வழக்கங்களை ஒரு அட்டவணையில் தரலாம். போரும் இடப்பெயர்வும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் கண்ட கரையில் அந்த அட்டவணையை நிரப்பக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். கைபேசியில் ஆடும் பேரன் ஒருவன் பக்கத்திலிருந்து கேட்டு எழுதினால் ஒரு மாலைப்பொழுது போதும். கடைசியாக வென்றது எந்தச் சேரி என்ற வழக்கை மட்டும் கட்டுரைக்குள் விடவேண்டாம். அதற்கென்றே பக்கத்துக்குப் பக்கம் ஓர் உரையாடற் பக்கம் வைத்திருக்கிறார்கள். அங்கே வடசேரியாரும் தென்சேரியாரும் விடியும்வரை இழுபறிப்படட்டும்.