மஞ்சள் பெட்டி

1937 பிப்ரவரியில் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தல் நடந்தபோது, ஓட்டுச் சீட்டில் பெயர் படித்து முத்திரை குத்தும் வேலை வாக்காளருக்கு இல்லை. மறைவிடத்தில் வெவ்வேறு நிறத்தில் பெட்டிகள் இருக்கும். விரும்பியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரசுக்கு வாய்த்தது மஞ்சள் பெட்டி. தாலிச் சரட்டின் நிறம், கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் தடவும் நிறம். இதைவிட என்ன வேண்டும் ஒரு கட்சிக்கு?

அப்போது எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. நிலவரி, சொத்துவரி கட்டியவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று சட்டம் வடிகட்டியிருந்தது. வரி கட்டியவரெல்லாம் படித்தவரா என்ன? அவரிடம் வேட்பாளர் பெயரைச் சொல்லி மாளாது. பிரசாரகர்கள் காந்தியையும் மஞ்சள் பெட்டியையும் சேர்த்தே சொன்னார்கள். ஊர்ப் பெரிய மனிதர் யார், ஜமீன்தார் யார் என்ற பழைய கணக்கு அதில் அடிபட்டுப் போனது. பொப்பிலியிலேயே, ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர் பொப்பிலி ராஜா தோற்றார்; வென்றவர் காங்கிரசின் வி.வி. கிரி. 215 இடங்களில் காங்கிரசுக்கு 159.

விளைபொருள் விலை விழுந்தும் கிஸ்தி குறையாத கோபம், நீதிக்கட்சியின் உட்பூசல், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் பேச்சு என்று காரணங்கள் பல சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் கோபத்தைச் சீட்டாக மாற்றிக் கொடுத்தது பெட்டிதான் என்பேன்.

பெட்டிக்கு ஒரு பொல்லாத குறையும் உண்டு. மறைவுக்குள் போகிறவர் சீட்டைப் போடாமலே மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். தரகர் அவற்றைக் காசு கொடுத்து வாங்கி, நம்பகமான ஒருவரிடம் கட்டாகக் கொடுத்தனுப்பினால் முடிந்தது கதை. சீட்டில் குறி எதுவும் இல்லாததால் எண்ணும்போது கண்டுபிடிக்க வழியில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலிலும் (1951–52) வேட்பாளருக்கொரு பெட்டிதான். நிறத்துக்குப் பதில் சின்னத்தை ஒட்டினார்கள். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக்காளை. பெட்டிகளோ எஃகு, பெருமளவு பம்பாய் விக்ரோலியில் கோத்ரெஜ் ஆலையில் தயாரானவை. சின்னம் மாறியும் மடியில் செருகும் வித்தை மாறவில்லை. 1960–61இல் கேரளத்திலும் ஒரிசாவிலும் சீட்டில் முத்திரை குத்தும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். 1962 பொதுத்தேர்தலில் ஏறக்குறைய நாடெங்கும் எல்லா வேட்பாளருக்கும் ஒரே பெட்டி என்றானது.