சார்ந்திருப்பவர்: ஒரு மருத்துவ அட்டையின் வரலாறு

தாத்தா 1942இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். பர்மா எல்லையில் லாரி ஓட்டினார். 1946இல் கையில் கொஞ்சம் பணத்தையும் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மலேரியா கூடவே வந்தது. அப்பா 1968இல் சேர்ந்து, பதினேழு வருஷம் முடித்து, பென்ஷனோடு திரும்பியவர். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தலைமுறைப் பட்டாளக்காரர்கள் இருப்பது அதிசயமில்லை.

ராணுவத்தைப் பற்றி எழுதுவதே சில தோழர்களுக்கு உவப்பாக இருக்காது. அரசின் வன்முறைக் கருவிக்கு என்ன வக்காலத்து என்பார்கள். கருவி தேய்ந்தபின் அரசு அதை எங்கே எறிகிறது என்று பார்க்காமல் அரசைப் பற்றிப் பேசிவிட முடியுமா, தெரியவில்லை.

2003 ஏப்ரல் 1ஆம் தேதி முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் தொடங்கியது. ஊரில் ‘இசிஎச்எஸ்’ என்றுதான் பெயர். அதுவரை ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை என்பது, இடமும் வசதியும் மிச்சமிருந்தால் கிடைக்கிற ஒன்று. அதற்கும் எங்கள் ஆட்கள் சென்னைக்கு பஸ் ஏறணும். புதுத் திட்டத்தில் ஒரே முறை சந்தா கட்டினால் ஆயுளுக்கும் சிகிச்சை. 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவும் கிடையாது. அப்பாவுக்குக் காசில்லாமல் அட்டை வந்தது. இதைக் குறைத்துச் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. அவர் இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்தது அந்த அட்டையை வைத்துத்தான்.

ஆனால் வாசலில் ஒரு சொல் காவல் நின்றது: பென்ஷன். தாத்தாவுக்கு அது இல்லை. பெயரளவில் அவரும் முன்னாள் படைவீரர்தான். மருந்து என்று வந்தபோது இல்லை. ஏட்டில் நிறைந்த வருஷங்கள்தான் தகுதி, உடம்பு பார்த்த யுத்தம் கணக்கில் வராது.

இன்னொரு வழி இருந்தது. பென்ஷன்காரரோடு வசிக்கும், போதிய வருமானமில்லாத பெற்றோரைச் சேர்க்கலாம். அப்படித்தான் தாத்தாவுக்கும் அட்டை வந்தது, மகனைச் ‘சார்ந்திருப்பவர்’ என்ற தகுதியில். “என்னா எழுதிக்கிறான்?” என்று கேட்டார். படித்து அர்த்தம் சொன்னேன். “நான் போனதப் பாத்துத்தான்டா உங்கப்பன் பட்டாளத்துக்கே போனான்” என்றார். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்த டிரங்குப் பெட்டியில் அந்த அட்டையை அவர் வைக்கவேயில்லை.

இதை அதிகாரிகளின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டியவர்களில் முக்கியமானவர். அடுத்து அவரே இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். ‘போர்க்குடி’ என்ற கற்பிதம் ஆள் எடுக்கும் விதியாயிற்று. மதராஸ் காலாட்படை படிப்படியாகச் சுருங்கி, 1920களின் இறுதியில் கலைக்கப்பட்டது. பிறகு யுத்தம் வந்தது. 1939இல் ஏறத்தாழ 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் 1945க்குள் 25 லட்சமாக வீங்கியது. வீரத்தின் இனவியலை அப்போது மட்டும் மறந்துவிட்டார்கள். 1941இல் மதராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். கடன்பட்ட குடியானவப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். யுத்தம் முடிந்ததும், போங்கடா.

சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம். பஞ்சாபிலும் யுத்தகாலத்து ஆட்கள் இப்படித்தான் கழிக்கப்பட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யுத்தத்துக்கு முந்தைய நிரந்தர ரெஜிமென்ட்காரர்கள் ஏராளம். இங்கே 1930களில் காலாட்படைக்குப் போக நினைத்த பையனுக்குக் கதவு கிட்டத்தட்ட அடைப்பு. ராபர்ட்ஸ் கிழித்த கோடு, பாரபட்சமே தெரியாத ‘பென்ஷன்’ என்ற சொல்லுக்குள் 2003 வரை உயிரோடு இருந்திருக்கிறது.

2007இல் தாத்தா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திட்டத்தின் நடைமுறை இது: முதலில் பாலிகிளினிக், அங்கே ரெஃபரல் சீட்டு, பிறகு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை. நோயாளி பணம் தர வேண்டாம். அரசு தான் நிர்ணயித்த கட்டணத்தைப் பிறகு மருத்துவமனைக்குத் தரும். இந்தப் ‘பிறகு’வில்தான் எல்லாம் இருக்கிறது. சீட்டோடு போனோம். “மிலிட்டரி பில்லு நிறைய நிக்குது சார், இப்ப எடுக்கிறதில்ல” என்றாள் கவுன்ட்டர்ப் பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஆபரேஷன் நடந்தது. அடுத்த வருஷம் தாத்தா போய்ச் சேர்ந்தார்.

2019 மார்ச்சில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களும் இனி இசிஎச்எஸ்ஸில் சேரலாம். யுத்தம் முடிந்து 74 வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆணையைப் பயன்படுத்த எவனாவது உயிரோடிருந்தால், குறைந்தது தொண்ணூறைத் தாண்டியிருப்பான். அப்பா செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

2022 ஜூனில் அக்னிபாத் அறிவிக்கப்பட்டது. நாலு வருஷச் சேவை. அதிகபட்சம் கால்வாசிப் பேர் நிரந்தரமாகலாம். வெளியேறுகிறவர்களுக்குப் பென்ஷன் இல்லை, இசிஎச்எஸ் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் இல்லை. தாத்தாவுக்கு அந்தப் பெயராவது இருந்தது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அதில் தேர்வாகி, புறப்படும் முன் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தான். நிபந்தனைத் தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா முழுக்கப் படித்தார்.

“எத்தினி வருஷம்பா?”

“நாலு, பெரியப்பா.”

தாத்தா இருந்ததும் நாலு வருஷம்தான். அப்பா அதை அவனிடம் சொல்லவில்லை. திருநீறு பூசி அனுப்பினார்.