தலைகீழ்ப் பாதை: 81 ஆண்டுகள் காத்திருந்த தீர்வு

மனிதரைத் தலைகீழாகச் சுழற்றி இறக்கும் றோலர் கோஸ்டரைக் காண்போர், அதனை அண்மைக்காலக் கண்டுபிடிப்பென்றே எண்ணுவர். உண்மையில் அந்த ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. 1895 இல் நியூயோர்க்கின் கோனித் தீவில் 'பிளிப் பிளாப்' என்னும் வண்டி, சுமார் 25 அடி விட்டமுள்ள வட்டப்பாதையில் பயணிகளைச் சுழற்றியது. ஏறியவர்கள் கழுத்து நோவுடன் இறங்கினர். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது.

தவறு வட்டத்திலேயே இருந்தது. வளைவில் உடல் உணரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆரை சிறுத்தாலும் கூடும். உச்சியில் வண்டி பாதையை விட்டு விழாதிருக்க வேண்டிய ஆகக் குறைந்த வேகத்தில் சென்றாலும், முழுவட்டத்தின் அடியில் பயணி தன் எடையின் ஆறு மடங்கைச் சுமக்க நேரிடும். சமதளத்தில் ஓடி வந்தவர்மீது அச்சுமை ஒரே கணத்தில் விழும்.

1901 இல் அதே தீவில் எட்வின் பிறெஸ்கொட் நீள்வட்டப் பாதையொன்றை அமைத்தார். அதிர்ச்சி தணிந்தது. ஆனால், வண்டியொன்றில் நால்வரே ஏறலாம் என்பதால் வருவாய் போதவில்லை. அதன்பின் இத்தகைய பாதைகள் பல தசாப்தங்கள் வழக்கொழிந்தன.

மீட்சிக்கு வழிவகுத்தது உருக்குக் குழாய். 1959 இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட 'மற்றர்ஹோர்ன்' அதனையே தண்டவாளமாகக் கொண்டது. மரச்சட்டத்தின்மேல் பதித்த இரும்புப் பட்டியைப் போலன்றி, குழாயை எத்திசையிலும் துல்லியமாக வளைக்கலாம். இன்றைய வண்டிகளின் சில்லுகள் மேலும், பக்கமும், அடியுமாக அக்குழாயைப் பற்றிக்கொள்கின்றன. வண்டியை மேலெழவிடாத அடிச்சில்லுக்கு ஜோன் மில்லர் 1919 இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1975 இல் கலிபோர்னியாவிலேயே 'கோர்க்ஸ்குறூ' என்னும் முறுக்குப் பாதை பயணிகளை இருமுறை தலைகீழாக்கியது.

செங்குத்துச் சுழல் 1976 இல் மீண்டது. லொஸ் ஏஞ்சலிஸுக்கு அருகிலுள்ள மஜிக் மவுண்டன் பூங்காவின் 'றெவலூசன்' பாதையை ஜேர்மனியரான அன்ரன் ஸ்வார்ஸ்கொப் அமைக்க, பொறியியலாளர் வேர்னர் ஸ்ரெங்கல் கணக்கிட்டார். அச்சுழல் வட்டமன்று, நீர்த்துளி வடிவினது. வேகம் மிகுந்த அடியில் ஆரை பெரிது. வேகம் தணியும் உச்சியில் சிறிது. சுமை படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்குகிறது. நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்கு ரயிலைத் திருப்பப் புகையிரதப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட உத்தியின் இனத்தைச் சேர்ந்ததே இவ்வளைகோடு.

1895 இல் பாதையை வரைந்துவிட்டு மனிதனை அதில் ஏற்றினார்கள். 1976 இல் மனித உடல் தாங்கும் அளவை முதலில் வகுத்து, அதற்கேற்பப் பாதையை வரைந்தார்கள். அச்சத்தை விற்கும் தொழிலுக்கும் கழுத்தெலும்பே எல்லைக்கோடு என்பதை உணர 81 ஆண்டுகள் தேவைப்பட்டன.