பால் வெட்டும் 'டேப்' என்னும் சொல்லும்



ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் ஆன சிறு சொல் ஒன்று உண்டு. டி, ஏ, பி என்று எழுத்துக் கூட்டி, 'டேப்' என்று அதை உச்சரிக்கிறோம். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு அதுதான் பெயர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்கும் அதுதான் சொல். குழாய் ஒரு பொருள். வெட்டுவது ஒரு தொழில். ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்பது எப்படி? இதற்கு விடை தேடிப் புறப்பட்டால், சொல்லின் வரலாற்றோடு நம் மலாக்கா மாநிலத்தின் வரலாறும் சேர்ந்தே வருகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இங்கிலாந்தில் பழங்காலத்தில் மதுவை மரப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார்கள். பீப்பாயின் அடிப்பக்கத்தில் ஒரு துளையிட்டு, அதில் மரத்தாலான அடைப்பான் ஒன்றைச் செருகினார்கள். அந்த அடைப்பானின் பெயரே 'டேப்'. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் இருந்தது. அடைப்பானைத் திறந்து உள்ளே இருப்பதை வடித்தெடுக்கும் செயலையும் அதே சொல்லால் குறித்தார்கள். பின்னர் மரத்தைக் கீறி அதன் சாற்றை வடிப்பதற்கும் இவ்வினை வழங்கலாயிற்று. ரப்பர் மரத்துக்கு வந்தது இந்தப் பொருள்தான்.

இதே எழுத்துகளைக் கொண்ட வேறொரு 'டேப்' உண்டு. மெல்லத் தட்டுவது என்பது அதன் பொருள். அது பிரெஞ்சு மொழியின் வழியாக வந்தது. இன்று ரயில் நிலையத்திலும் டோல் சாவடியிலும் அட்டையைத் தொட வைப்பதை 'டேப்' செய் என்கிறார்களே, அது இந்த இரண்டாவது சொல். தமிழில் 'படி' என்பது மாடிப்படியையும் குறிக்கிறது, அளக்கும் படியையும் குறிக்கிறது, நூலைப் படிப்பதையும் குறிக்கிறது. இடம் அறிந்து நாம் பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே செய்ய வேண்டும்.

பெயரே வினையாவது நம் மாணவர்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் நம் மொழியிலும் இது உண்டு. "நன்றாக வெட்டு" என்றால் 'வெட்டு' வினை. "இந்த வெட்டு ஆழமாக இருக்கிறது" என்றால் அதே 'வெட்டு' பெயர். விகுதி எதுவும் சேராமல் வினையின் முதனிலையே பெயராக நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்று நம் இலக்கணம் கூறுகிறது. 'தல்' விகுதி சேர்ந்தால் 'வெட்டுதல்' ஆகிறது. அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் 'டேப்பிங்' என்கிறார்கள். வெட்டுகிறவரை 'டேப்பர்' என்கிறார்கள். ஆக, வெட்டு என்ற ஒரு சொல்லை நன்கு அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லின் பாதி இலக்கணம் முன்பே தெரியும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அங்கே காட்டில் தானாக வளர்ந்த மரங்களைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி பட்டையைத் தாண்டி உள் மரம் வரை இறங்கியது. காயம்பட்ட இடம் கரடு தட்டி முடிச்சு முடிச்சாக வீங்கியது. பட்டை சீராக வளராததால் அவ்விடத்தில் மீண்டும் வெட்ட முடியாமற் போயிற்று.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் மிகச் சிலவே முளைத்தன. அந்த வழியில் வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. மரங்கள் வளர்ந்தன. ஆனால் அவற்றைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வழி எவருக்கும் தெரியவில்லை. மரம் இருந்தது. வெட்டும் முறைதான் இல்லை.

1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி இந்தக் குறையைத் தீர்த்தார். 1890ஆம் ஆண்டுகளில் அவர் பல சோதனைகளைச் செய்தார். புதிய புதிய இடங்களில் கொத்துவதை விட்டுவிட்டு, முன்பு வெட்டிய கோட்டின் கீழ் விளிம்பிலேயே மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்தார். அப்படி எடுத்தபோது முதல் நாளைவிட அடுத்தடுத்த நாள்களில் பால் கூடுதலாக வடிந்தது. உள்மரம் காயப்படவில்லை. சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்தது. ஒரே மரத்தைப் பல்லாண்டு காலம் வெட்டலாம் என்பது உறுதியாயிற்று.

ரிட்லி தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் நடுங்கள் என்று ஓயாமல் சொல்லி வந்தார். காப்பியை நம்பியிருந்த அவர்கள் சிரித்தார்கள். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவர் பேச்சுக்குச் செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896ஆம் ஆண்டில் அவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் ஒன்றை உருவாக்கினார். பெம்பானும் அசஹானும் ஒரே ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மலாயாவின் ரப்பர் வாணிபம் நம் மாவட்டத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் உலகில் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை உச்சத்திற்குச் சென்றது. காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிமார் தமிழ்நாட்டு ஊர்களுக்குச் சென்று ஆள் சேர்த்தார்கள். ஒப்பந்தத்தால் கட்டிப்போடும் முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஓங்கியது. திறமையற்ற தொழிலாளர் குடியேறுவதை 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை அது நீடித்தது. வயலும் வரப்பும் அறிந்த கைகள் இங்கு வந்து உளி பிடித்தன.

ரிட்லி முறையைக் கண்டறிந்தார் என்பது உண்மை. ஆனால் அதை ஒவ்வொரு விடியலிலும் சில நூறு மரங்களில் செய்து காட்டியவர்கள் நம் முன்னோர்கள். இந்த வேலையின் நுட்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பால் நாளங்கள் பட்டைக்குள், உள்மரத்தை ஒட்டிய மென்படலத்திற்குச் சற்று வெளியே அமைந்துள்ளன. மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரம் கெடும். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை மட்டும் விட்டுவிட்டு உளி நிற்க வேண்டும். கோடு இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே சரிய வேண்டும். நாளங்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால் இப்படி வெட்டும்போதுதான் மிகுதியான நாளங்கள் அறுபடுகின்றன. வெயில் ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் தடைப்படும். அதனால்தான் பெரட்டு முடிந்து இருட்டோடு இருட்டாக நிரைக்குப் போனார்கள். இவ்வளவையும் அளவுகோல் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில், கை உணர்வால் செய்தார்கள். பெண்களும் ஆண்களுக்கு இணையாக வெட்டினார்கள்.

இங்கே இன்னொரு சொல்லை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 'கூலி' என்பது தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலேயர் 'கூலி' என்று ஆளையே அழைத்தார்கள். அச்சொல் நம் 'கூலி'யிலிருந்து வந்தது என்பர் சிலர். குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். எப்படி வந்திருந்தாலும், நம் காதுக்கு அது ஒருவன் பெறும் காசையே அவன் பெயராக வைத்தது போல ஒலித்தது. அதில் அவன் செய்யும் வேலை தெரியவில்லை, அவன் கைத்திறன் தெரியவில்லை. 'டேப்பர்' என்பது அப்படியன்று. அது வினையிலிருந்து பிறந்த பெயர். இன்ன தொழிலை அறிந்தவர் என்று சொல்லும் பெயர். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்த பிறகு, சம்பள ஒப்பந்தங்களில் பால் வெட்டுவோரும் வெளிக்காட்டு வேலை செய்வோரும் தனித்தனியே கணக்கிடப்பட்டனர். ஆக, சரியான சொல் சம்பளத்தோடும் தொடர்புடையது.

இப்போது சொல்லைப் பிழையின்றிக் கையாளும் முறையைப் பார்ப்போம். பிள்ளைகள் பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பெயராக வரும்போது அதன்முன் 'எ' அல்லது 'த' என்ற சுட்டு வரும். குழாயைத் திறக்கச் சொல்ல, 'ஓப்பன்' என்று நம் வழக்கப்படி மொழிபெயர்ப்பதைவிட, 'டர்ன் ஆன் த டேப்' என்பதே ஆங்கில மரபு. மூடுவதற்கு 'டர்ன் ஆஃப்'.

இரண்டாவது, வினையாக வரும்போது காலத்திற்கேற்ப மாறும். அவர் நாள்தோறும் வெட்டுகிறார் என்பதற்கு 'ஹி டேப்ஸ்' என்று எஸ் சேர வேண்டும். என் பாட்டி ரப்பர் வெட்டினார் என்பதற்கு 'மை கிரேண்ட்மதர் டேப்ட் ரப்பர்' என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, விகுதி சேரும்போது பி எழுத்து இரட்டிக்கும். ஒரு பி மட்டும் போட்டால் நாடாவைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும். அப்பா பால் வெட்டுவதாக எழுத நினைத்த பிள்ளை, அப்பா நாடா ஒட்டுவதாக எழுதிவிடக் கூடாதல்லவா?

நான்காவது, தொழிலையும் ஆளையும் கலக்கக் கூடாது. 'மை ஃபாதர் இஸ் டேப்பிங்' என்றால் அப்பா இந்த நேரத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அவர் தொழிலைச் சொல்ல, 'மை ஃபாதர் இஸ் எ ரப்பர் டேப்பர்' என்றே சொல்ல வேண்டும்.

தமிழிலும் ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் "மரம் வெட்டப் போகிறேன்" என்றால் பால் வெட்டப் போவதாக நமக்கு விளங்கும். தமிழ்நாட்டு விருந்தினருக்கு அது மரத்தையே சாய்ப்பதாகத் தோன்றும். வெளியாருக்கு எழுதும்போது 'பால் வெட்டுதல்' என்று எழுதினால் குழப்பம் வராது.

இன்று நம் வட்டாரத்தில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்து மலேசியாவை முந்தியது. பல குடும்பங்கள் பட்டணத்திற்குப் போய்விட்டன. உளி பிடித்தவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களிடம் வெட்டின் கோணத்தையும் ஆழத்தையும் கேட்டுப் பிள்ளைகள் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. செம்பனைக் குலை அறுப்பதற்குரிய 'ஹார்வெஸ்ட்' என்ற சொல்லும் பெயராகவும் வினையாகவும் வரும். அதை நான்கு வாக்கியங்களில் அமைத்துப் பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பள்ளிப் படிவங்களில் பெற்றோரின் தொழில் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே சில பிள்ளைகள் தயங்கி, 'லேபர்' என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். உழைப்பு என்பது நல்ல சொல்தான். ஆனால் அது எந்த வேலையையும் குறிக்கும். பால் வெட்டும் பெற்றோர் இருந்தால், 'ரப்பர் டேப்பர்' என்று இரண்டு பி போட்டுத் தெளிவாக எழுதுங்கள். 1 மில்லிமீட்டர் பட்டையை இருட்டிலே அறிந்த கைக்கு உரிய பெயர் அதுவே.